வண்டிக் கடன் தவணையும் நாசில் சுத்தமும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

   

போன மாதம் காளான் வளர்ப்பு பற்றிப் பேசினோம். இந்த மாதம் டீசல் வண்டியின் நாசில் பற்றிப் பேசப் போகிறோம். அதாவது, பழைய டீசல் என்ஜினில் இருந்து நாசிலை எப்படிக் கழற்றுவது, எப்படிச் சுத்தம் செய்வது, மறுபடி எப்படி மாட்டுவது என்பது.

"அது ஆம்பளையளுக்க சோலில்லா? நமக்கு எதுக்கு?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்பது எங்கள் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். பதிலுக்கு நாங்களும் ஒன்று கேட்கிறோம். வண்டி வாங்க குழுவில் கடன் எடுத்தபோது கையெழுத்துப் போட்டது யார்? மாதா மாதம் தவணை கட்டுவது யார்? வண்டி பத்து நாள் பட்டறையில் கிடந்தால் அந்த மாதம் உள்கடன் வாங்கி ஓட்டுவது யார்? எல்லாம் நாம்தானே! அப்படியானால் வண்டிக்கு என்ன நோய், என்ன வைத்தியம் என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பேனரை நாமே பிடிக்கிறோமோ இல்லையோ, பட்டறையில் நின்று நாலு கேள்வி கேட்கத் தெரிய வேண்டும்.

நம் மாவட்டத்தில் பழைய டீசல் வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. தோவாளையில் விடியும் முன்னே பூ ஏற்றுகிற வண்டி, கோட்டாறுக்குச் சரக்கு கொண்டு போகிற வண்டி, பேச்சிப்பாறை, கீரிப்பாறை மலைச்சாலையில் ஏறுகிற ஜீப்பு என்று பலவிதம். 2005இல் வந்த டாட்டா ஏஸ், அதுதான் நம்ம 'குட்டி யானை', அதில் முதலில் வந்தது இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014இல் நின்று போனாலும் வாடகைக்கு ஓடின டீசல் அம்பாசிடர்களை சிலர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி பழைய வகை வண்டிகளைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நாசில் என்ன வேலை செய்கிறது?

பெட்ரோல் வண்டியில் பிளக் பொறி தட்டித் தீ மூட்டும். டீசல் என்ஜினில் பிளக் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பிஸ்டன் நெருக்கி அழுத்தும்போது அந்தக் காற்றே 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அந்த நேரம் பார்த்து டீசலைத் தெளித்தால் தானாகத் தீப்பிடிக்கும். தெளிக்கிற கருவிதான் இன்ஜெக்டர். அதன் நுனிப்பகுதி நாசில். நம்ம ஊர் பட்டறைகளில் முழுசையும் சேர்த்து 'நாசில்' என்றே சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்லுவோம்.

காலையில் வாசல் தெளிக்கிறோம். கையால் தூவினால் வாசல் முழுக்க ஒரே சீராக நனையும். வாளியோடு கவிழ்த்தால் ஒரு இடத்தில் தேங்கி நிற்கும், மற்ற இடம் காய்ந்து கிடக்கும். நாசிலும் அப்படித்தான். நல்ல நாசில் டீசலைப் பனி மாதிரித் தூவும். கெட்ட நாசில் சொட்டுச் சொட்டாக ஒழுக்கும். ஒழுகின டீசல் சரியாக எரியாமல் கரும்புகையாக வெளியே போகும். அது புகை மட்டுமில்லை, நம்ம துட்டும்தான்.

ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானிய பொறியாளர் 1897இல் தன் என்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அப்போது டீசலை உள்ளே ஊதித் தள்ள தனியாக ஒரு காற்று அமுக்கி தேவைப்பட்டது. அதனால் என்ஜின் பெரிதாக, கனமாக இருந்தது. 1927இல் பாஷ் கம்பெனி டீசலையே அழுத்தித் தள்ளுகிற பம்பை பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் லாரிக்கும் காருக்கும் டீசல் என்ஜின் சுலபமாக வந்தது. நம் நாட்டில் 1951இல் 'மைக்கோ' கம்பெனி தொடங்கியது. 2008இல் அதன் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது. ஆனாலும் வயதான மெக்கானிக்குகள் இன்றைக்கும் 'மைக்கோ நாசில்' என்றுதான் சொல்வார்கள்.

நாசிலுக்குள் ஒரு ஊசி இருக்கிறது. ஊசிக்கும் அது ஏறி இறங்குகிற உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரான் வரைதான். நம்ம தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். அப்போ எவ்வளவு நுணுக்கமான சாமான் என்று பாத்துக்கிடுங்க! கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும், ஊசி சிக்கிக்கொள்ளும்.

நோய்க்கு அடையாளம்

வண்டி ஓட்டுகிறவர் வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறார் என்று கவனிக்க வேண்டும்.

1. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை வருகிறது.
2. லோடு ஏற்றினால் கரும்புகை தள்ளுகிறது, பிக்கப் இல்லை.
3. சும்மா நிற்கும்போது என்ஜின் குலுங்குகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது.
4. 'டக் டக்' என்று தட்டுகிற சத்தம் கேட்கிறது.
5. அதே தூரத்துக்குக் கூடுதல் டீசல் குடிக்கிறது.

ஐந்தாவதை நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டி தினம் 60 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 4 லிட்டர் போதும். 12 ஆகக் குறைந்தால் 5 லிட்டர் வேண்டும். தினம் 1 லிட்டர் வீண். மாதம் 25 நாள் ஓடினால் 25 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே 2,250 ரூபாய். யாருக்கும் தெரியாமல் புகைக்குழாய் வழியாகப் போகிற இந்தப் பணத்தில் எத்தனை பேருடைய சந்தா சேமிப்பு அடங்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. புகை வந்தாலே நாசில்தான் என்று முடிவு கட்டக் கூடாது. காற்று வடிகட்டி தூசி பிடித்து அடைத்திருந்தாலும் கரும்புகை வரும். அதனால் முதலில் ஏர் பில்டர், அடுத்து டீசல் பில்டர், அதற்குப் பிறகு நாசில். செலவு குறைந்ததில் இருந்து தொடங்க வேண்டும்.

ஒரு குழுவில் நடந்தது

பெயரும் ஊரும் வேண்டாம். நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் ஒரு சகோதரி அவசரக் கடன் கேட்டு வந்தார். வீட்டுக்காரர் ஓட்டுகிற பழைய ஜீப்பு புகை தள்ளுகிறது, இழுக்க மாட்டேங்கு, பட்டறையில் 'என்ஜின் வேலை வந்துட்டு, முழுசாப் பிரிக்கணும்' என்று சொல்லிவிட்டார்கள் என்றார். கேட்ட தொகை பெரியது. பழைய கடனில் இன்னும் பாதி பாக்கி இருந்தது.

குழுவில் உடனே கொடுக்கவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஒரு அக்கா கேட்டார்: "நாசிலக் கழத்தி டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சா?" அவருடைய மகன் டீசல் பம்ப் கடையில் வேலை பார்க்கிறவன். அதனால் அவருக்கு இந்த விஷயம் தெரியும். யாரும் பார்க்கவில்லை. சரி, முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், அந்தச் செலவுக்கு மட்டும் உள்கடன் தருகிறோம் என்று தீர்மானம் எழுதினார்கள்.

நாலு நாசிலையும் கழற்றி டெஸ்டரில் வைத்ததில் மூன்று சுமாராகத் தூவியது. ஒன்று தூவவே இல்லை, ஒழுகியது. அந்த ஒன்றுக்குப் புது நாசில், மற்ற மூன்றுக்குச் சுத்தமும் அழுத்தம் சரிபார்ப்பும், நாலுக்கும் புது செம்பு வாஷர். அதோடு டீசல் பில்டரும் மாற்றினார்கள். வண்டி மலையேறிவிட்டது. என்ஜினைப் பிரிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

எல்லா வண்டிக்கும் இப்படி முடியும் என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையிலேயே என்ஜின் தேய்ந்திருந்தால் நாசில் மாற்றியும் பயனில்லை. ஆனால் சின்னச் செலவில் பார்க்க முடிகிறதைப் பார்த்த பிறகு பெரிய செலவுக்குப் போவதுதான் முறை. ஒரு கேள்வி ஒரு குடும்பத்தை இரண்டாவது கடனில் இருந்து காப்பாற்றியது.

கழற்றும் முறை

இனி வேலைக்கு வருவோம். பழகின மெக்கானிக் பக்கத்தில் இருந்து சொல்லித் தர, கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இது. வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். நாசிலைச் சுற்றியுள்ள மண், எண்ணெய்ப் பிசுக்கை பிரஷும் டீசலும் வைத்துக் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் கழற்றினால் அத்தனை மண்ணும் சிலிண்டருக்குள் விழும். அவசரத்தில் பலர் விடுகிற படி இதுதான்.

அடுத்து மேலே உள்ள மெல்லிய ரிட்டர்ன் குழாயைக் கழற்ற வேண்டும். பிறகு பம்பில் இருந்து வருகிற இரும்புக் குழாயின் நட்டை இரண்டு பக்கமும் தளர்த்தி எடுக்க வேண்டும். குழாயை வளைக்கக் கூடாது. ஒவ்வொரு வாய்க்கும் உடனே மூடி போட வேண்டும். மூடி இல்லாவிட்டால் சுத்தமான பிளாஸ்டிக் உறை கட்டலாம். பஞ்சு, வேஸ்ட் நூல் வைத்து அடைக்கக் கூடாது, அதன் இழை உள்ளே போய்விடும்.

சில என்ஜினில் நாசிலை ஒரு கிளாம்பும் நட்டுகளும் பிடித்திருக்கும். சிலதில் நாசில் ஹோல்டரே திருகி ஏறியிருக்கும். எதுவானாலும் வருஷக்கணக்கில் கரி பிடித்து இறுகியிருக்கும். துரு இளக்குகிற எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்து எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் நுனி போய்விடும், சில நேரம் சிலிண்டர் ஹெட்டே கெட்டுவிடும்.

எடுத்ததும் 1, 2, 3, 4 என்று அடையாளம் வைக்க வேண்டும். எந்த சிலிண்டரில் எது இருந்தது என்று தெரிந்தால்தான் நோய் எங்கே என்று தெரியும். பழைய செம்பு வாஷர் நாசிலோடு வந்துவிட்டதா, குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். உள்ளே ஒன்று இருக்க மேலே இன்னொன்று போட்டால் நாசில் உயர்ந்து நிற்கும், தெளிப்பு தப்பான இடத்தில் விழும். குழியையும் மூடி வைக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

நாசிலின் வெளியே உள்ள கரியை டீசலில் ஊறவைத்து, பித்தளைக் கம்பி பிரஷால் தேய்க்கலாம். இரும்பு பிரஷ், உப்புத்தாள் கூடவே கூடாது. நுனித் துளை பெரிதாகிவிடும்.

பிரித்துச் சுத்தம் செய்வதாக இருந்தால் சுத்தமான மேசை, சுத்தமான தட்டு, வடிகட்டின டீசல் வேண்டும். ஊசியும் அதன் உடலும் ஜோடியாகத் தேய்த்துச் செய்தவை. ஒன்றின் ஊசியை இன்னொன்றில் போட்டால் பொருந்தாது. அதனால் ஒரு நாசிலை முடித்துத் திரும்பப் பூட்டிய பிறகுதான் அடுத்ததைப் பிரிக்க வேண்டும். ஊசி உட்காருகிற இடத்தை மெல்லிய மரக்குச்சியால் துடைக்கலாம். துளையைக் குத்த அதற்கென்று உள்ள அளவுக் கம்பி இருக்கிறது. தையல் ஊசி, ஊக்கு எதையும் விடக் கூடாது.

கழுவின பிறகு ஒரு சின்ன சோதனை. ஊசியை டீசலில் நனைத்து உடலுக்குள் விட்டு, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, நேராகப் பிடித்து விட வேண்டும். தன் எடையிலேயே வழுக்கி இறங்கினால் நல்லது. நடுவில் நின்றால் மறுபடி கழுவ வேண்டும். அப்போதும் நின்றால் அந்த ஜோடி தேறாது.

இத்தோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. கையால் சுத்தம் செய்த நாசிலை அப்படியே மாட்டுவது, கணக்கு எழுதிவிட்டு தணிக்கை செய்யாமல் விடுவது மாதிரி. டீசல் பம்ப் கடையில் உள்ள நாசில் டெஸ்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே மூன்று விஷயம் பார்ப்பார்கள்.

ஒன்று, எந்த அழுத்தத்தில் திறக்கிறது. பல பழைய கார் என்ஜின்களில் 100 பாருக்கு மேல், ஜீப்பு மாதிரி நேரடியாகத் தெளிக்கிற என்ஜின்களில் 200 பார் அளவில் இருக்கும். சரியான அளவு அந்தந்த என்ஜினின் கையேட்டில் இருக்கும். எல்லா நாசிலும் ஒரே அளவில் திறக்க வேண்டும். இரண்டு, பனி மாதிரித் தூவுகிறதா. மூன்று, திறக்கிற அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே 10 நொடி பிடித்து வைத்தால் நுனியில் சொட்டு விழாமல் இருக்கிறதா.

மறுபடி மாட்டும்போது

செம்பு வாஷர் கட்டாயம் புதுசு. பழையதைப் போட்டால் சூடான வாயு கசிந்து நாசிலைக் கருக்கிவிடும். நட்டுகளை மாறி மாறி, ஒரே சீராக, டார்க் ரெஞ்ச் வைத்துச் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். டீசல் குழாய்களில் காற்று புகுந்திருக்கும். பில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வருகிற வரை 'ஏர் எடுக்க' வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கை பத்திரம், கண் பத்திரம்

இதை எல்லோரும் நன்றாகக் கேட்க வேண்டும். பட்டறையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

டயரில் நாம் அடிக்கிற காற்று 2 பார் அளவுதான். நாசிலில் இருந்து வருவது அதைப்போல 50 மடங்கு, 100 மடங்கு அழுத்தம். அந்தத் தெளிப்பில் விரலைக் காட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் முள் குத்தினது போல ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் பெரிய வலி கூட இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். மஞ்சள் பத்துப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே 108க்குச் சொல்லியோ, கிடைக்கிற வண்டியிலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'அழுத்தத்தோட டீசல் உள்ளே போயிட்டு' என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க விரலை வைக்காமல் ஒரு அட்டைத் துண்டை வைத்துப் பார்க்கலாம். கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது.

இன்னொன்று. இப்போது வருகிற காமன் ரெயில் டீசல் வண்டிகளில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல். ஓடுகிற என்ஜினில் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்க்கிற பழைய பழக்கத்தை அதில் காட்டவே கூடாது. இங்கே சொன்ன முறை எதுவும் அந்த வண்டிகளுக்குப் பொருந்தாது. பெட்ரோல் இன்ஜெக்டர் உள்ள கார்களுக்கும் முறை வேறு. அதில் அழுத்தம் குறைவு, ஆனால் பெட்ரோல் தீ அபாயம் மிக அதிகம்.

வராமல் காப்பது

நாசில் கெடுவதற்குப் பெரிய காரணம் டீசலில் சேருகிற அழுக்கும் தண்ணீரும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வருஷத்தில் பாதி நாள் ஈரம்தான். கேனில் டீசல் வாங்கி மூடாமல் வைப்பது, குடிதண்ணீர்க் கேனையே டீசலுக்கும் எடுப்பது, துரு பிடித்த டேங்கைக் கழுவாமல் விடுவது, இதெல்லாம் நாசிலுக்கு விஷம். பில்டரின் அடியில் தேங்குகிற தண்ணீரை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். டீசல் பில்டரை சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்.

விலை குறைவு என்று மண்ணெண்ணெய் கலக்கிற பழக்கமும் சிலரிடம் உண்டு. பம்புக்கும் நாசில் ஊசிக்கும் தனியாக ஆயில் கிடையாது, டீசலின் வழவழப்பில்தான் அவை ஓடுகின்றன. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு குறைவு. லிட்டருக்கு நாலு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பம்பையே மாற்ற வேண்டிவரும்.

நாம் செய்ய வேண்டியவை

குழுவில் வரவு செலவுப் புத்தகம், தீர்மானப் புத்தகம், கடன் பேரேடு எல்லாம் எழுதுகிறோம். அது போல வண்டிக் கடன் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு 'வண்டி நோட்டு' வைப்போம். டீசல் போட்ட நாள், லிட்டர், கிலோமீட்டர், பில்டர் மாற்றிய நாள், நாசில் பார்த்த நாள், கொடுத்த தொகை, இவ்வளவு போதும். மைலேஜ் குறைவது நோட்டில் முதலில் தெரியும், புகை பிறகுதான் தெரியும்.

பட்டறைக்குப் போனால் மூன்று விஷயம் கேட்டு வாங்குவோம். டெஸ்டரில் ஒவ்வொரு நாசிலும் எத்தனை பாரில் திறந்தது என்று எழுதித் தரச் சொல்வோம். மாற்றின பழைய நாசில், பழைய வாஷர்களைக் கையில் வாங்குவோம். சாமான் விலை தனி, கூலி தனி என்று பில் கேட்போம். இதில் சண்டைக்கு ஒன்றுமில்லை. நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்.

வண்டிப் பழுதுக்கு அவசரக் கடன் கேட்டு யாராவது வந்தால், 'பில்டர் பார்த்தாச்சா, நாசில் டெஸ்ட் பண்ணியாச்சா' என்று கேட்ட பிறகே தொகையை முடிவு செய்யலாம் என்று ஒரு தீர்மானம் போடலாம். இதை இன்றைய கூட்டத்தின் பரிசீலனைக்கு வைக்கிறோம்.

கடைசியாக, நம் பெண் பிள்ளைகளைப் பற்றி. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். இதில் நாம் பார்த்த வேலையில் எது முரட்டு பலம் கேட்கிறது? தலைமுடியை விட நுணுக்கமான சாமானைப் பொறுமையாகக் கழுவி, சுத்தமாகப் பூட்டுவதுதான் வேலை. முத்து முத்தாகப் பூத் தொடுக்கிற விரல்களுக்கு இது வராதா? கோணம் அரசு ஐ.டி.ஐ. நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. என்னென்ன பிரிவு, எப்போது சேர்க்கை என்று விசாரிக்க விரும்புகிற அம்மாமார் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுங்கள், சேர்ந்தே போய் விசாரித்துவிட்டு வருவோம்.